மந்தாரைக்குப் புள்ளி போட்டவர்

ஒரு மரம் என்னைச் சுட்டது என்றும், சுட்ட கையோடு என் முதுகில் விழுந்தது என்றும் நான் நம்பியிருந்தேன். சுட்டது பொய் என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிட்டது. விழுந்ததும் பொய் என்று தெரிய இருபது வருடத்துக்குக் கிட்ட எடுத்தது. மரம் நட்டுவைத்த மாதிரி நிற்பதை என் இரண்டு கண்ணும் பார்த்தன. முதுகு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மரம் இல்லாவிட்டால் ஒரு கொப்பாவது விழுந்திருக்கும் என்று பிடிவாதம் பிடித்தது. நானும் என் முதுகின் கட்சியில் சேர்ந்துகொண்டேன். யுத்த காலத்தில் எங்களுக்கெல்லாம் கண்ணை விட முதுகுதான் கூர்மை.

இந்தக் கூத்துக்குக் காரணம் புள்ளியர். மட்டக்களப்பு வாவியில் தண்ணீர் நிற்கத் தொடங்கிய நாள் முதல் இன்று வரை, மரத்துக்குப் பரீட்சை வைத்து, நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, பாஸ் பெயில் சொன்ன ஒரேயொரு மனிதப் பிறவி அவர்தான். இரண்டாவது ஆள் இருந்தால் அவரையும் பார்க்க எனக்கு ஆசை, தூரத்தில் நின்று.

பட்டினத்துத் தெருக்களையும் வடிகான்களையும் பார்த்துக்கொள்ளும் கந்தோரில் அவர் வேலை மேற்பார்க்கும் ஓவசியர். நான் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் புள்ளியர். ஏனென்றால் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் அவர் புள்ளி போடுவார். கந்தோர்த் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, “நிறம் இரிக்கி, சூடு இரிக்கி, தேயிலதான் இல்ல. முப்பத்தாறு” என்பார். முதல் நாள் விழுந்த செல் குண்டைப் பற்றி ஊரே நடுங்கிக்கொண்டு பேசும்போது இவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, “சத்தத்துக்கு எண்பது குடுக்கலாம். குறிக்கு ஒண்டும் இல்ல. வாவிக்குள்ள விழுந்து நாலு மீன்தான் செத்திரிக்கி” என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைத் தலையிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தார்.

“முப்பத்தொம்பது.”

“பாஸுக்கு எத்தினை ஐயா?”

“நாப்பது.”

“ஒரு புள்ளிதானே ஐயா. போட்டு விடுங்களன்.”

“அந்த ஒரு புள்ளிக்காகத்தான், மனே, மனுசன் சாகுமட்டும் ஓடித் திரியிறான்.”

இன்னொரு விசயம், அவருடைய சேட். நீட்டுக் கை, கஞ்சி போட்ட வெள்ளை. சவுக்காரத்துக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற காலத்திலும் அந்த வெள்ளை குறையவில்லை. கறை படும் என்று பஸ் சீட்டில் இருக்க மாட்டார்; தூணில் சாய மாட்டார்; பந்தியில் குழம்பு ஊற்றுகிறவரைக் கையால் மறித்து, “அவடத்த நில்லுங்க, நான் வாழையிலைய உங்களிட்டக் கொண்டு வாறன்” என்பார். நிலத்தில் அவர் குந்தியதைக்கூட யாரும் கண்டதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால்தான் இருபது வருடம் முட்டாளாகத் திரிந்தேன்.

மரப் பரீட்சை வந்த கதை இது. வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்குப் போகும் பாலத்தடியில் ஒரு சென்றி, இராணுவக் காவலரண், இருந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் அங்கே இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் அந்தப் பக்கம் மறுபடி பஸ் ஏறவேண்டும். முன்பு அந்த இடத்தில் பெரிய மழைமரங்கள் நின்றன. பார்வையை மறைக்கிறது என்று பாலத்துக்கு இந்தப் பக்கத்தார் பாதியைத் தறித்தார்கள். மிச்சப் பாதியை, ரோட்டுக்குக் குறுக்கே போடத் தோதானது என்று பாலத்துக்கு அந்தப் பக்கத்தார் தறித்தார்கள். எந்த விசயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் மரம் தறிப்பதில் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி. அதற்குப் பிறகு வரிசை வெட்ட வெயிலில் நின்றது. குடை விரிக்கவும் விடமாட்டார்கள். குடைக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? கச்சான் காற்று வீசும் மாதங்களில் தார் உருகிச் செருப்பு ஒட்டும். ஒவ்வொரு கிழமையும் இரண்டு மூன்று பேர் மயங்கி விழுவார்கள்.

அப்படி விழுந்தவர்களில் ஒருவர் புள்ளியரின் மனைவி. உலகத்தில் புள்ளியர் புள்ளி போடாத ஒரே சம்பவம் அதுதான்.

அடுத்த நாளே அவர் எங்கள் பெரியவரின் அறைக்குள் போய், பாலத்தடியில் நிழல் மரம் நடவேண்டும் என்று நின்றார். பெரியவர் நல்ல மனிதர். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் பயம். சென்றிக்குப் பொறுப்பான அதிகாரி எழுத்தில் சம்மதம் தந்தால் நடலாம் என்றார். அதிகாரியும் மறுக்கவில்லையாம். “என்ன மரமும் நடு. அந்த மரத்தால் ஒரு பிரச்சினை வந்தாலும் மரத்தைத் தறிப்பேன், நட்டவனை ஆமிக் காம்புக்குக் கொண்டுபோவேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். இதைக் கேட்டுப் புள்ளியர் சந்தோசப்பட்டார். நான் படவில்லை. நட்டவன் என்றால் மண்வெட்டி பிடிக்கிறவன். மண்வெட்டி பிடிக்கப் போகிறவன் நான்.

“பிரச்சினை வராத மரமாப் பாத்து எடுப்பம் மனே” என்று புள்ளியர் ஒரு கொப்பி போட்டார். உயரம், அடிமரம், வேர், பூ, நிழல் என்று பாடங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம்: உபயோகம். அதற்கு மட்டும் புள்ளி தலைகீழ். உபயோகம் கூடக் கூடப் புள்ளி குறையும்.

“அதென்ன ஐயா, உபயோகமான மரந்தானே நல்ல மரம்?”

“அது சமாதான காலத்து மரம். இப்ப ஆருக்கும் ஒண்டுக்கும் உதவாத மரந்தான் தெருவில நிக்கும். மனுசரும் அப்படித்தான். உன்ன ஆரும் புடிச்சிக்கொண்டு போகல்லத்தானே?”

என் முப்பத்தொன்பது புள்ளியின் பாதுகாப்பு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பரீட்சை தொடங்கியது. தென்னை முதல் பாடத்திலேயே பெயில். குற்றி பங்கருக்கு, பதுங்குகுழி மூடப் போய்விடும். பனையும் அப்படியே. வேம்பை, பொக்குளிப்பான் அம்மை வந்த வீட்டுக்காரர்கள் இலையை உரித்தே கொன்றுவிடுவார்கள், உபயோகத்தில் பூச்சியம். பூவரசு தோணிக்காரர் கண்ணில் பட்டால் அடுத்த நாள் தோணியில் மிதக்கும். கொன்றை பூவில் தொண்ணூறு எடுத்து, உயரத்தில் அடிபட்டது. ஏறி இருந்தால் முகாம் தெரியுமாம். ஏறிப் பார்த்தது யார் என்று கேட்கிறீர்களா? இறங்கி வந்தபின் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் சென்றியிலிருந்து ஐம்பது அடி தள்ளி, ஒரு பறங்கி மாமியின் வேலியோரம் தானாக வளர்ந்து நின்ற மந்தாரை அவர் கண்ணில் பட்டது. இரண்டு ஆள் உயரம். மாட்டுக் குளம்பு மாதிரி இலை. ஊதாப் பூ. பலகைக்கு ஆகாது, பங்கருக்கு ஆகாது, ஏறினால் முறியும். புள்ளியர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் பார்க்கப் போனவர் கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

“ஒளிப்புச் சோதனை” என்றார். அடிமரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் மறைய முடியுமா என்று பார்ப்பது. ஆள், வழமைபோல நான். ஐம்பது அடியில் சென்றி. நான் மந்தாரைக்குப் பின்னால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். புள்ளியர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கத்தினார்:

“ரெண்டு தோளும் தெரியிது! வயிறு தெரியிது! நல்லா ஒளி மனே, நல்லா ஒளி!”

சென்றிக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ஒருவனைப் பார்த்து நல்லா ஒளி என்று கத்தக்கூடிய மனிதர் அவர். சென்றியில் நின்றவன் எட்டிப் பார்த்தான். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். “கையும் தெரியிது! நூத்துக்கு நூறு!” என்று புள்ளியர் எழுதினார்.

அடுத்தது மறிப்புச் சோதனை. வெட்டிய கொப்பொன்றை ரோட்டின் குறுக்கே போட்டார். ஒரு மீன்காரர் மணியடிக்காமலே சைக்கிளை அதன் மேல் ஏற்றிப் போனார். பாஸ். பிறகு ஆட்டுச் சோதனை. ஆடு இலையை முழுவதும் தின்று, கொப்பியின் ஓர் ஒற்றையையும் தின்றது. “பெயில்தான். ஆனா ஆட்டிட்டச் சுடத் துவக்கு இல்லத்தானே? முள்ளு வேலி போடுவம்” என்று மன்னித்தார். மொத்தம் எண்பத்தாறு. புள்ளியர் கையால் எண்பதைத் தாண்டிய உயிரினம் அதற்கு முன் இல்லை.

மிச்சம் இருந்தது நிழல் சோதனை. அதை உச்சி வெயிலில், வரிசை நிற்கும் நேரத்தில்தான் செய்யவேண்டும் என்றார். அன்று அறுபது பேர் அளவில் வரிசையில் நின்றார்கள். அனல் காற்று. என் தோளில் ஒரு துணிப்பை முதுகுப் பக்கமாகத் தொங்கியது. அதற்குள் கொப்பியும், புள்ளி போடும் சிவப்பு மைக் குப்பியும். நான் மரத்தடியில் குனிந்து அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தேன். மறு நுனியோடு புள்ளியர் எனக்குப் பின்னால் நாலு அடியில் நின்றார்.

டப்!

அந்தக் காலத்து மட்டக்களப்பாருக்கு ‘டப்’ கேட்டால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அறுபது பேரும் தார் ரோட்டில் குப்புற. சென்றிக்காரன் மண்மூட்டைக்குப் பின்னால். என் கழுத்தில் ஏதோ சுள்ளென்று பட்டது. நான் குப்புற விழுந்தேன். விழுந்த கையோடு என் முதுகில் ஒரு பெரிய பாரம் தொப்பென்று விழுந்தது. ‘சடக்’ என்று ஒரு முறிவுச் சத்தம். என் முள்ளந்தண்டுதான் என்று முடிவு கட்டினேன். முதுகெல்லாம் ஈரம்.

“ஐயோ, சுட்டுட்டானுகள்! மரமும் விழுந்திட்டுது! அம்மாட்டச் சொல்லுங்க!” என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அலறினேன். அதோடு நிற்கவில்லை. சாகிறவன் மனச்சுமையோடு போகக்கூடாது என்று, கந்தோரிலிருந்து கார்பன் தாள் எடுத்ததையும், பெரியவரின் நடையைப் பார்த்து நடித்துக் காட்டியதையும் உரத்த குரலில் ஒத்துக்கொண்டேன். நான் எந்தப் பக்கமும் இல்லை என்று தமிழிலும், தெரிந்த நாலு சிங்களச் சொல்லிலும், ஒரு தரம் ஆங்கிலத்திலும் அறிவித்தேன். இரண்டாம் முறை தமிழுக்கு வரும்போது முதுகிலிருந்த பாரத்தைக் காணவில்லை.

கண்ணைத் திறந்தேன். மரம் நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் புள்ளியரும் நிமிர்ந்து நின்றார். கையில் முறுக்கிக்கொண்ட காய்ந்த காயின் இரண்டு பாதி. கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“காய் வெடிக்கிது மனே. வெயிலில காஞ்சா வெடிச்சி விதைய எறியிது. இத நான் பாக்காம உட்டுட்டன். இருபது குறைக்கோணும்.”

“ஐயா, எனக்கு ரத்தம் போகுது!”

“அது மை.”

“எப்படித் தெரியும்?”

“ரத்தத்துக்கு இவ்வளவு நல்ல நிறம் வராது. ஒழும்பு. பயத்துக்கு எண்பத்தெட்டுப் போடுறன். கார்பன் தாள் கதைக்கு ரெண்டு கூட்டித் தொண்ணூறு.”

அவருடைய சேட்டின் நெஞ்சிலும் சிவப்பாகக் கறை. பேனை கசிந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க நேரமில்லை; துவக்குகளோடு ஆட்கள் ஓடி வந்தார்கள், பின்னால் அதிகாரி.

“கவுத வெடி திப்பே?” சுட்டது யார் என்று அவர் கேட்டார்.

புள்ளியர் காயைக் காட்டி, தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார்: “வெடி நே, மஹத்தயா! கஹ! கஹ!” வெடி இல்லை, மரம், மரம்!

மரம் சுட்டது என்று சொல்லுகிற கிழவரையும், சிவப்பு முதுகோடு நிற்கிற என்னையும் அதிகாரி மாறி மாறிப் பார்த்தார். காம்பு லொறியைக் கொண்டுவரச் சொன்னார். நான் மறுபடி இரண்டு கையையும் உயர்த்தினேன்.

தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவரிடம் புள்ளியர் திரும்பினார். “தம்பி, ஐயாட்டச் சொல்லுங்க. மேல இன்னும் காய் கிடக்கு. கொஞ்சம் பொறுத்தா இன்னொண்டு வெடிக்கும். வெடிக்கல்ல எண்டா எங்களக் கொண்டு போங்க.”

‘எங்கள’ என்ற அந்தச் சொல்லை நான் ஆட்சேபித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். லொறி வருமட்டும் பொறுப்பதாகச் சொன்னார். காத்திருந்தோம். ஒரு முகாம் அதிகாரி, ஆறு சிப்பாய், ஒரு ஓவசியர், ஒரு கிளாக்கர், அறுபது பயணிகள் எல்லோரும் அண்ணாந்து ஒரு காயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோயில் கொடியேற்றத்துக்குக்கூட அந்த ஊர் அவ்வளவு பக்தியாக அண்ணாந்ததில்லை. நான் அன்றைக்கு மாமாங்கேஸ்வரருக்கு வைத்த நேர்த்தியை நிறைவேற்ற மூன்று வருடம் எடுத்தது. லொறிச் சத்தம் தூரத்தில் கேட்டது. வெயில் ஏறியது. நின்றவர்கள் தங்களை அறியாமலே ஒவ்வோர் அடியாக மரத்தை நோக்கி நகர்ந்தார்கள்.

டப்!

எதற்காகக் காத்திருந்தோமோ அது வந்தது. வந்ததும் எல்லோரும் குப்புற விழுந்தோம். வெடிக்கும் என்று சொன்ன புள்ளியர் மட்டும் நின்றார். அதிகாரியும் விழுந்தார் என்று சிலர் சொன்னார்கள். நான் காணவில்லை. அறுபது பேரும் காணவில்லை. அவர் எழும்பி முழங்கையைத் தட்டுமட்டும் நாங்கள் எல்லோரும் தாரை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இந்த மரத்தைத் தறி” என்றார் அவர். சிப்பாய் மொழிபெயர்த்தார்.

புள்ளியரின் முகத்தில் இரத்தம் வற்றியதை அப்போதுதான் முதன்முதல் கண்டேன். காம்பு என்றபோது வற்றாத இரத்தம். அவர் வாதாடவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“தம்பி, ஐயா இப்ப எங்க நிக்கிறார் எண்டு கேளுங்க.”

அதிகாரி கீழே பார்த்தார். மந்தாரையின் நிழல் சரியாக அவர் தோளளவில் விழுந்திருந்தது. அவருடைய ஆறு பேரும் அதே நிழலில். எங்கள் வரிசையில் பாதியும் அதே நிழலில், அடையாள அட்டையும் கையுமாக. அவர் ஒரு அடி பின்னால், வெயிலுக்குள் போனார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிறகு மறுபடி உள்ளே வந்தார்.

“காய பச்சையில ஆய்ஞ்சி போட்டா வெடிக்காது. ஒவ்வொரு வருசமும் நானே ஆயிறன்” என்றார் புள்ளியர்.

கையெழுத்து விழுந்தது. லொறி வெறுமையாகத் திரும்பியது. கச்சான் ஓய்ந்து மழை தொடங்க, அந்த வரிசை நெடுக மந்தாரைக் கன்றுகளை நட்டோம். மண்வெட்டி நான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கச்சான் எழும்புவதற்கு முன், புள்ளியர் கொக்கத்தடியோடு பாலத்தடிக்குப் போய் ஒரு காய் விடாமல் ஆய்ந்து இறக்குவார். சென்றிக்காரர்கள் மாறினார்கள், அதிகாரிகள் மாறினார்கள். புதிதாக வருகிறவனுக்குப் பழையவன் இந்தக் கிழவரைக் காட்டி, மரத்தின் வெடியைக் கழற்றுகிறவர் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவானாம்.

சண்டை முடிந்தது. சென்றி போனது, வரிசை போனது. மந்தாரைகளில் பாதி ரோட்டை அகலிக்கப் போனது. புள்ளியரும் ஒரு மாரியில் காய்ச்சலில் போய்விட்டார். இந்தக் கதையை நான் சொல்லாத கலியாண வீடு மட்டக்களப்பில் இல்லை. முடிவு எப்போதும் ஒன்றுதான்: “நான் சாகக் கிடக்கிறன், மனுசன் என்னைப் பார்க்கல்ல, காயைப் பார்த்தார்!” சபை சிரிக்கும்.

போன வருடம் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றேன். மிச்சமிருக்கும் மந்தாரை ஒன்றின் கீழே புள்ளியரின் மனைவி பையோடு நின்றார். பழக்க தோசத்தில் அவரிடமும் அதே கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அவர் காயப் பாத்தது மறுகா, எல்லாத்துக்கும் பிறகு, தம்பி. நான் அண்டைக்கு வரிசையில நிண்டனான். சத்தம் கேட்டதும் நாங்க எல்லாரும் தரையில விழ, இவர் உங்கட மேல பாய்ஞ்சி மூடிக்கொண்டு படுத்தார். மறுகாதான் ஒழும்பிக் காயத் தேடினவர். அந்தச் சேட்ட எத்தினை தரம் தோய்ச்சன். நெஞ்சில மை போகவே இல்ல.”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. குப்புற விழுந்தவனின் முதுகிலிருந்த குப்பி தானாக எப்படி உடையும் என்று இருபது வருடத்தில் ஒரு தரமாவது நான் யோசித்திருக்கலாம்.

அன்று மரம் விழவில்லை. கொப்பும் விழவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டோடு என் முதுகின் மேல் விழுந்து கிடந்தது புள்ளியர்.